தி லுக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தி லுக்கர் என்பது என்ன?

ஒரே அமர்வில் முடித்துவிடக்கூடிய, கட்டணமில்லாத நகைச்சுவைப் புதிர் விளையாட்டு இது. சப்கிரியேஷன் ஸ்டூடியோ என்ற பெயரில் பிராட்லி லோவெல் உருவாக்கி, 2022 ஜூன் 17 அன்று, கணினி விளையாட்டுகளை வழங்கும் ஸ்டீம் என்ற இணையதளத்தில் வெளியிட்டார். ஜோனதன் ப்ளோவின் வடிவமைப்பில் 2016 ஜனவரி 26 அன்று வெளிவந்த தி விட்னஸ் என்ற புகழ்பெற்ற புதிர் விளையாட்டை, அதன் மூலமாக அந்த வகைப் புதிர் விளையாட்டுகள் அனைத்தையும், இது பகடி செய்கிறது. விளையாடுபவர் யாருமில்லாத ஓரிடத்தில் தம் கண்ணால் பார்ப்பதுபோலவே நடந்து செல்கிறார். வழியெங்கும் பலகைகள் நிற்கின்றன. பலகையின் மேல் சரியான கோட்டை வரைந்தால் அடுத்த வழி திறக்கிறது. இதுவரை இரண்டு விளையாட்டுகளும் ஒன்றுபோலவே இருக்கும். அந்தக் கோட்டுக்கு என்னென்ன ஆகலாம் என்பதில்தான் லுக்கர் தன் வழியில் பிரிந்து போகிறது.

பெயருக்கு ஏதேனும் பொருள் உண்டா?

உண்டு, முதல் நகைச்சுவையே பெயரில்தான் இருக்கிறது. விட்னஸ் என்றால் சாட்சி. நீதிமன்றமும் மெய்யியலும் கலந்த கனம் அந்தச் சொல்லுக்கு உண்டு. லுக்கர் என்பது வெறுமனே பார்ப்பவரைக் குறிக்கும் சாதாரணச் சொல். பேச்சு வழக்கில் பார்க்க அழகாக இருப்பவரையும் குறிக்கும். தமிழில் இந்த இரட்டையைச் சொல்ல வேண்டுமானால், "சாட்சி" என்ற பெயருக்கு எதிரே "வேடிக்கை பார்ப்பவர்" என்று வைப்பேன். வேடிக்கை என்ற நம் சொல்லில் காட்சியும் சிரிப்பும் சேர்ந்தே இருப்பதால், மூலத்தைவிடவும் இது பொருத்தமாக அமைந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பெரும்பாலானவர்களுக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம். ஒரு திரைப்படத்துக்கு ஒதுக்கும் மாலைப்பொழுதை ஒதுக்கினால் போதும். இடையில் நிறுத்தி மறுநாள் தொடரலாம் என்றாலும், அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே என் பரிந்துரை. முன்னால் பார்த்த ஒன்றை நினைவில் வைத்திருந்தால்தான் பின்னால் வரும் பல நகைச்சுவைகள் பலிக்கும்.

உண்மையிலேயே இலவசம்தானா?

ஆம். ஸ்டீம் கணக்கு ஒன்று இருந்தால் போதும். விட்னஸ் வெளியானபோது அதன் விலை ஏறத்தாழ 40 அமெரிக்க டாலர். புதிர் விளையாட்டுக்கு இவ்வளவு விலையா என்று அப்போதே விவாதம் நடந்தது. அந்த விவாதத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, அதைப் பகடி செய்யும் விளையாட்டு ஒரு காசும் கேட்காமல் கிடைப்பதில் தனி மகிழ்ச்சி இருக்கும். இலவசம் என்பதால் அரைகுறை வேலையாக இருக்குமோ என்று ஐயுற வேண்டாம். ஸ்டீம் தளத்தில் விளையாடியவர்களின் மதிப்பீடுகளில் அத்தளம் தரும் மிக உயர்ந்த தரநிலையை இது பெற்றிருக்கிறது. 500-க்கும் மேற்பட்ட மதிப்பீடுகள் வந்து, அவற்றில் 100-க்குக் குறைந்தது 95 ஆதரவாக இருந்தால்தான் அந்தத் தரநிலை கிடைக்கும்.

விட்னஸ் விளையாடாதவர்கள் இதை விளையாடலாமா?

விளையாடலாம், சிரிக்கவும் செய்வார்கள். ஆனால் தெரிந்தவர்கள் சிரிக்கும் இடங்களில் பாதியில் அவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஆகவே விட்னஸ் எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகவே இங்கே சொல்லிவிடுகிறேன். அதன் விடைகள் எதையும் சொல்லவில்லை.

ப்ளோ 2008-இல் பிரெய்ட் என்ற விளையாட்டை வெளியிட்டு, அது ஈட்டித் தந்த பணத்தைக் கொண்டு பல ஆண்டுகள் உழைத்து விட்னஸை உருவாக்கினார். கட்டடக் கலைஞர்களையும் நிலவடிவமைப்பாளர்களையும் உடன் வைத்துக்கொண்டு அமைத்த ஒரு தீவு. அதில் 650-க்கும் மேற்பட்ட புதிர்கள். தீவில் மனிதர் யாரும் இல்லை, பின்னணி இசை இல்லை, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று விளக்கும் ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொரு பலகையிலும் கட்டம் கட்டமாக வழிகள் இருக்கும். வட்டமான தொடக்கப் புள்ளியிலிருந்து கோட்டை இழுத்து, ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் முடிவிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் செயல். ஆனால் கட்டங்களுக்குள் குறிகள் இருக்கும். கருப்புச் சதுரங்களையும் வெள்ளைச் சதுரங்களையும் நம் கோடு தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். சிறு அறுகோணப் புள்ளிகள் ஒவ்வொன்றின் மீதும் கோடு ஏறிச் செல்ல வேண்டும். ஒரு கட்டத்தில் முக்கோணங்கள் எத்தனை இருக்கின்றனவோ, அந்தக் கட்டத்தின் அத்தனை பக்கங்களைக் கோடு தொட்டிருக்க வேண்டும். இந்த விதிகளை விளையாட்டு நமக்குச் சொல்வதே இல்லை. மிக எளிய பலகை ஒன்றை முதலில் வைத்து, அதை அடுத்து ஒரே ஒரு மாற்றம் செய்த பலகையை வைத்து, தவறாக வரைந்தால் ஏற்றுக்கொள்ளாமல் மறுத்து, நாமாகவே விதியைக் கண்டுபிடிக்கும்படி நம்மை நடத்திச் செல்கிறது. நீந்தத் தெரியாத பிள்ளையை முதல் நாள் கணுக்கால் தண்ணீரிலும் மறுநாள் முழங்கால் தண்ணீரிலும் நிற்க வைப்பதுபோன்ற பொறுமை அதில் இருக்கிறது. இப்படிப் பல பகுதிகளாகப் பிரிந்த தீவில் 11 ஒளிக்கற்றைகள் இருக்கின்றன. அவற்றில் 7-ஐ ஏற்றினால் மலையின் உள்ளே செல்ல வழி திறக்கும்.

விளையாட்டுலகில் இது பெரிய சாதனை. அதே நேரத்தில், இந்த மௌனமும் இறுக்கமும் தன்னைக் குறித்த தீவிரமும் சிலரை விலக்கவும் செய்தன. லுக்கர் வந்து நிற்பது அந்த இடைவெளியில். "சொல்லாமல் கற்பிப்பேன்" என்ற அதே முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, நம்மை மிகப் பொறுமையாக, மிகக் கவனமாக, ஒரு நகைச்சுவையின் வாசலுக்குக் கொண்டுபோய் விடுகிறது.

அப்படியானால் நகைச்சுவை எங்கே இருக்கிறது? வசனங்களிலா?

வசனங்களிலும் இருக்கிறது, ஆனால் அங்கே இருப்பது சிறு பங்குதான். இந்த விளையாட்டை நான் இவ்வளவு உயர்வாக மதிப்பதற்கான காரணமும் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் அடங்கியிருக்கிறது.

பகடி விளையாட்டுகள் பெரும்பாலும் சிரிப்பை விளையாட்டுக்கு வெளியே வைக்கின்றன: பாத்திரம் ஒன்று வந்து நையாண்டியாக ஏதோ சொல்லும், நாம் சிரிப்போம், பிறகு வழக்கமான விளையாட்டு தொடரும். லுக்கரில் சிரிப்பு விடைக்குள் இருக்கிறது. ஒரு பலகையின் முன் நின்று, இதுவரை கற்றதை வைத்து, இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முறையாக யோசிக்கிறோம், பலிப்பதில்லை. மீண்டும் நுணுக்கமாக யோசிக்கிறோம், அப்போதும் பலிப்பதில்லை. பிறகு, "அட, இவ்வளவுதானா! அப்படியும் இருக்குமா?" என்று ஒரு கணம் தோன்றுகிறது, வரைந்து பார்த்தால் கதவு திறக்கிறது. விடை பிடிபட்ட கணமும் சிரிப்பு வந்த கணமும் ஒன்றே. புதிரைத் தீர்க்காமல் நகைச்சுவையைப் பெற முடியாது, நகைச்சுவையைப் பிடிக்காமல் புதிரைத் தீர்க்க முடியாது. நம் விடுகதைகளில் இதே கட்டமைப்பு உண்டு என்பதைப் பாட்டியிடம் விடுகதை கேட்டு வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரிய பெரிய விடைகளைச் சொல்லித் தோற்ற பிறகு, அது வெறும் வெங்காயம் என்று தெரியவரும்போது வருகிற அதே சிரிப்புதான்.

இதைச் செய்வது மிகக் கடினம். நாம் எந்தப் படியில் எதை எதிர்பார்ப்போம் என்பதைத் துல்லியமாகக் கணித்தவர்தான் அந்த எதிர்பார்ப்பைத் தவறான பக்கம் திருப்ப முடியும். அதாவது, நல்ல புதிர் அமைக்கத் தெரியாதவரால் இந்தப் பகடியைச் செய்திருக்கவே முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

ஒன்றே ஒன்று தருகிறேன். எதையும் முன்கூட்டி அறிய விரும்பாதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் செல்லவும். 1997-இல் நோக்கியா 6110 கைபேசியில் வந்து உலகமெங்கும் பரவிய பாம்பு விளையாட்டு நினைவிருக்கும். இரை தின்னத் தின்னப் பாம்பு நீளும், தன் உடலிலேயே மோதினால் ஆட்டம் முடிந்துவிடும். அந்தப் பாம்பும் ஒரு கோடுதானே? தன்னைத் தானே வெட்டிக்கொள்ளக் கூடாது என்ற விதி விட்னஸின் கோட்டுக்கும் உண்டு அல்லவா? இந்த ஒற்றுமையை லோவெல் கவனித்திருக்கிறார். கவனித்தபின் அதைச் சும்மா விடவில்லை. ஆண்டுக்கணக்கில் நாம் தனித்தனியாக வைத்திருந்த இரண்டு விளையாட்டுகள் நம் கண் முன்னால் ஒன்றாகிவிடும் இடம் அது. நான் அங்கே சற்று நேரம் கையை எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒலிப்பதிவுகள் எதற்காக இருக்கின்றன?

விட்னஸ் தீவில் ஆங்காங்கே சிறு ஒலிப்பதிவுக் கருவிகள் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றை இயக்கினால் ஐன்ஸ்டைன் முதலான அறிவியலாளர்கள், மெய்யியலாளர்கள், ஆன்மிகவாதிகள் ஆகியோரின் கூற்றுகளை நடிகர்கள் நிதானமாக வாசிப்பார்கள். தீவுக்கு அடியில் ஒரு திரையரங்கும் உண்டு. அங்கே இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன் பேசும் காட்சி ஒன்றும், ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும் உரை ஒன்றும் இருக்கின்றன. புதிர்களுக்கு இடையே இத்தகைய கூற்றுகளைக் கேட்பது சிலருக்கு ஆழமான அனுபவமாக இருந்தது. வேறு சிலர், மேற்கோள்களை அடுக்கி ஆழத்தை இரவல் வாங்குவதாகக் கருதினார்கள். லுக்கரிலும் ஒலிப்பதிவுகள் உண்டு. அதே நிதானம், அதே தொனி. சொல்லப்படும் பொருளைத்தான் கவனித்துக் கேட்க வேண்டும். என் கருத்தில், விட்னஸின் பதிவுகளில் உண்மையிலேயே அழகானவை பல உண்டு, லுக்கர் கேலி செய்கிறது என்பதற்காக நான் அவற்றை வெறுக்கப் போவதில்லை. ஆனால் தொனி மட்டுமே ஒரு கூற்றை ஆழமாக்கிவிடாது என்பதை லுக்கர் காட்டும் விதம் நியாயமானது.

இதைப் பகடி என்பதா, நையாண்டி என்பதா, கேலி என்பதா?

பகடி என்பதே பொருந்தும்; மூலத்தின் வடிவத்தையே எடுத்து அணிந்துகொண்டு சிரிக்க வைப்பதுதான் பகடி. பழந்தமிழில் இதற்கு நெருக்கமான சொல் அங்கதம். தொல்காப்பியம் அதை வெளிப்படையாகச் சொல்வது, மறைத்துச் சொல்வது என இரண்டாகப் பிரிக்கிறது. லுக்கர் இரண்டாவது வகையோடு சேரும். அதே நூல் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறது. லுக்கரைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் எள்ளலை மட்டுமே காண்கிறார்கள். எனக்கோ அதில் பேதைமையின் பங்கே பெரிதாகத் தெரிகிறது. மற்றொரு படைப்பாளியின் குறையைப் பார்த்துச் சிரிப்பதைவிட, எளிய ஒன்றைக் காண முடியாமல் நின்ற நம் அறியாமையைப் பார்த்துத்தான் இந்த விளையாட்டில் அதிகம் சிரிக்கிறோம்.

பிறர் படைப்பை இப்படிப் பகடி செய்ய அனுமதி வேண்டாமா?

பொதுவாக, ஒரு விளையாட்டின் விதிகளுக்கும் கருத்துக்கும் காப்புரிமை கிடையாது. அதன் ஓவியம், இசை, எழுத்து, நிரல் ஆகியவற்றுக்குத்தான் உண்டு. பலகையில் கோடு வரைந்து கதவைத் திறப்பது என்ற கருத்தை எவரும் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில், 1994-இல் கேம்ப்பெல் எதிர் ஏகஃப்-ரோஸ் என்ற வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பகடிப் படைப்பு வணிக நோக்கம் கொண்டதாக இருந்தாலும்கூட அது நியாயமான பயன்பாடாகக் கருதப்பட இடமுண்டு என்று தீர்ப்பளித்தது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 52-ஆவது பிரிவில், விமர்சனத்துக்காகவும் திறனாய்வுக்காகவும் ஒரு படைப்பை நேர்மையாகக் கையாள்வதற்கு விலக்கு அளிக்கிறது. பகடி என்ற சொல் அங்கே தனியாக இடம்பெறவில்லை. தாமும் ஒரு பகடி விளையாட்டைச் செய்ய எண்ணுபவர்கள், மூலத்தின் படங்களையோ ஒலிகளையோ அப்படியே எடுத்துப் பயன்படுத்தாமல், எல்லாவற்றையும் தாமே புதிதாக உருவாக்கிக்கொள்வது நல்லது.

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டுமா?

ஒலிப்பதிவுகள் ஆங்கிலத்தில் இருப்பதால் அவற்றின் நகைச்சுவைக்கு ஆங்கிலம் தேவை. ஆனால் இந்த விளையாட்டின் சிறந்த இடங்கள் பெரும்பாலும் கண்ணால் பார்த்துக் கையால் வரைவதில் இருக்கின்றன. என் வீட்டில் ஆங்கிலம் அதிகம் அறியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்து, எனக்கு முன்பாகவே ஒரு விடையைச் சொன்னார்.

தலைசுற்றல் வருமா?

கண் வழியாகப் பார்த்தபடி நடக்கும் விளையாட்டுகளில் சிலருக்குத் தலைசுற்றல் வருவதுண்டு. விட்னஸிலும் அந்தக் குறை பேசப்பட்டது. அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்து சற்றுத் தள்ளி அமர்ந்து விளையாடவும். ஒவ்வாமல் போனால் உடனே நிறுத்திவிடவும்.

ஒரு புதிரில் சிக்கிக்கொண்டேன். விடையைச் சொல்வீர்களா?

சொல்ல மாட்டேன். கஞ்சத்தனம் அல்ல, மேலே சொன்னதுபோல இங்கே விடையும் சிரிப்பும் ஒன்றாக இருப்பதால், விடையைச் சொல்லிவிட்டால் விளையாட்டில் அந்தப் பலகைக்கு மிஞ்சுவது எதுவுமே இருக்காது. விட்னஸில் ஒரு விடையைப் பார்த்து வரைந்தாலும், அதன் பிறகு அதே விதியைக் கொண்ட இன்னும் பத்துப் பலகைகள் இருக்கும், இழப்பு சிறிது. லுக்கரிலோ பெரும்பாலான எண்ணங்கள் ஒரே ஒரு முறைதான் வருகின்றன.

அதற்குப் பதிலாக வழி சொல்கிறேன். முதலில், பலகையில் இருப்பது என்னவென்று உங்களுக்கு நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "நான்கு வளைவுகள் கொண்ட சிக்கலான அமைப்பு" என்று சொல்லாமல், ஒரு சிறுபிள்ளை பார்த்தால் என்ன சொல்லுமோ அப்படிச் சொல்லுங்கள். அடுத்து, இதுவரை நீங்கள் யாரும் சொல்லாமலேயே ஏற்றுக்கொண்ட தடைகள் எவை என்று எண்ணுங்கள். கோடு இந்த இடத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பலகையை நேரே நின்றுதான் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது? இதற்கும் வழி பிறக்கவில்லை என்றால், மிக அற்பமானது என்று நீங்கள் முதலில் ஒதுக்கிய எண்ணத்தை எடுத்து வரைந்து பாருங்கள். தவறாக வரைந்தால் எந்தத் தண்டனையும் இல்லை.

இதைப்போன்ற வேறு விளையாட்டுகள் உண்டா?

உண்டு. 2015-இல் பிரான்ஸைச் சேர்ந்த பாஸ்கல் கம்மிசோட்டோ, ஏமாற்று என்பதைக் கருப்பொருளாகக் கொண்ட ஒரு போட்டிக்காக உருவாக்கிய தேர் இஸ் நோ கேம், இங்கே விளையாட்டு எதுவும் இல்லை, தயவுசெய்து போய்விடுங்கள் என்று ஒரு குரல் மன்றாடுவதில் தொடங்குகிறது. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் அந்தச் சிறு வடிவம் இலவசம். அதை விரித்து 2020-இல் வெளியான பெரிய வடிவத்துக்கு விலை உண்டு. லுக்கர் பிடித்தவர்கள் அடுத்ததாக இதைத்தான் விளையாட வேண்டும். ஜான் கூனியின் திஸ் இஸ் தி ஒன்லி லெவல், 2009-இல் வந்தது. ஒரு நீல யானை ஒரே அறையை மீண்டும் மீண்டும் கடக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் விதி வேறு. 2008-இல் கியான் பாஷிரி உருவாக்கிய யூ ஹேவ் டு பர்ன் தி ரோப் விளையாட்டில், கயிற்றை எரிக்க வேண்டும் என்ற விடை தலைப்பிலேயே இருக்கிறது. ஒரு நிமிடத்தில் அது முடிந்து, நம்மைப் புகழும் பாடல் வந்துவிடும். ஜிம் கிராஃபர்டின் ஃப்ராக் ஃப்ராக்ஷன்ஸ், 2012-இல் வெளியாகி, பின்னம் கற்பிக்கும் கணித விளையாட்டு என்று நம்ப வைத்து எங்கெங்கோ கூட்டிச் சென்றது.

கடைசி மூன்றும் ஃப்ளாஷ் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டவை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்திவிட்டதால், பழைய இணைப்புகள் பல திறக்காமல் போகலாம். ஃப்ளாஷ் கோப்புகளை இயக்கிக் காட்டும் ரஃபிள் என்ற மென்பொருளும், ஃப்ளாஷ்பாயிண்ட் என்ற காப்பகமும் இத்தகைய விளையாட்டுகளை உயிரோடு வைத்திருக்கின்றன. தன்னார்வலர்கள் ஊதியம் எதிர்பாராமல் செய்துவரும் இந்தப் பணிக்கு நாம் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் எதை விளையாடுவது, விட்னஸையா லுக்கரையா?

நேரமும் பணமும் இருந்தால் விட்னஸை முதலில் விளையாடவும். முழுவதையும் முடிக்க வேண்டும் என்பதில்லை. நான்கைந்து பகுதிகளைக் கடந்து, ஒளிக்கற்றைகள் சிலவற்றை ஏற்றிவிட்டால் லுக்கரின் பெரும்பாலான குறிப்புகள் விளங்கும். இல்லையென்றால் லுக்கரிலேயே தொடங்கலாம். அதற்கு விலை இல்லை என்பதால் தயங்கவும் காரணமில்லை.

ஆனால் விட்னஸை என்றேனும் விளையாடும் எண்ணம் இருப்பவர்கள், இதற்கு மேல் படிக்க வேண்டாம். அந்தத் தீவின் மிகப் பெரிய இரகசியத்தை இங்கே தொட வேண்டியிருக்கிறது.

பலகைகளோடு பல மணி நேரம் பழகிய பிறகு, விட்னஸில் ஏதோ ஓர் உயரத்தில் நின்று கீழே பார்க்கும்போது, வட்டமும் அதிலிருந்து செல்லும் நீண்ட கோடும் நிலத்திலேயே கிடப்பது கண்ணில் படும். ஆறும் பாதையும் மேகத்தின் விளிம்பும்கூடப் புதிர்களாக மாறிவிடும். சரியான இடத்தில் நின்று, அந்தக் காட்சியின் மீதே கோட்டை வரையலாம். இப்படித் தீவெங்கும் நூற்றுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. விளையாட்டை அணைத்த பிறகும், தெருவில் நடக்கும்போது கிணற்று வாயையும் அதை ஒட்டிய வாய்க்காலையும் பார்த்தால் விரல் துடிக்கும். ஒரு படைப்பு நம் கண்களை இந்த அளவுக்கு மாற்றிவிடும்போது, அதைப் பகடி செய்ய அதே கண்கள் கொண்ட ஒருவர்தான் வர முடியும். லுக்கரை விளையாடும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டு, பலகைகளை மட்டும் பார்க்காமல் சுற்றுப்புறத்தையும் பார்த்தபடி மெதுவாக நடக்கவும்.